குடிமைப் பணி: சொல் விளக்கம்

'சிவில் சர்வீஸ்' என்பதற்கு இன்று தமிழில் நிலைத்துவிட்ட சொல் குடிமைப் பணி. தேர்வு முடிவு வரும் நாளில் எல்லாச் செய்தித்தாளிலும் இதைப் பார்க்கலாம். வீட்டுப் பேச்சில் மட்டும் இது வருவதில்லை. 'பையன் ஐ.ஏ.எஸ்.ஸுக்குப் படிக்கிறான்', 'பொண்ணு கலெக்டர் ஆகணும்கிறா', 'குரூப் ஒன் பிரிலிம்ஸ் தாண்டியாச்சு' என்றுதான் பேசிக்கொள்கிறோம். கிடைக்கப்போகும் பதவிக்கு வாயில் பெயர் இருக்கிறது, செய்யப்போகும் வேலைக்கு இல்லை. இந்த வேலைக்கு எதற்காக வருகிறார்கள், வந்தபின் எந்த நெறியில் நிற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்தச் சொல்லின் வரலாறே நிறையச் சொல்கிறது.

இலத்தீனில் 'சிவிஸ்' என்றால் குடிமகன். 'சிவில்' அதன் வழியில் வந்தது. ஆனால் 'சிவில் சர்வண்ட்' என்ற பெயர் இந்தியாவில் புழங்கத் தொடங்கியபோது அதில் குடிமகனுக்கு இடம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியிடம், நம் முன்னோர் சொன்ன கும்பினியிடம், இரண்டு வகை வேலைக்காரர்கள் இருந்தார்கள். படையில் இருந்தவர்கள் ஒரு வகை. கணக்கும் சரக்கும் பார்த்தவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையினருக்குத்தான் சிவில் சர்வண்ட் என்று பெயர். 'சிவில்' என்றால் படை சாராதவர், 'சர்வண்ட்' என்றால் கும்பினியின் ஊழியர். அவ்வளவுதான் அன்றைய பொருள்.

அவர்களுடைய படிநிலைகளைப் பார்த்தாலே நோக்கம் தெரிந்துவிடும்: ரைட்டர், ஃபாக்டர், ஜூனியர் மெர்ச்சண்ட், சீனியர் மெர்ச்சண்ட். எல்லாம் வியாபாரப் பெயர்கள். (ரைட்டர் என்ற சொல் இன்றும் நம் காவல் நிலையங்களில் உயிரோடு இருக்கிறது.) ராபர்ட் கிளைவ் 1744 இல் மதராஸுக்கு வந்தது ரைட்டராகத்தான். ரைட்டரின் சம்பளம் ஆண்டுக்கு ஐந்து பவுன். அந்தச் சம்பளத்துக்காக யாரும் ஆறு மாதம் கப்பலில் வரமாட்டார்கள். சொந்த வியாபாரம் செய்யலாம், பரிசு வாங்கலாம், பணக்காரராக ஊர் திரும்பலாம் என்பதுதான் அவர்களை இழுத்து வந்தது.

அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு மதராஸிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1773 இல் தஞ்சாவூர் ஆற்காட்டு நவாபின் கைக்குப் போனது. 1776 இல் ஆளுநர் பிகட் அதை மராட்டிய மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கும்பினி ஊழியர், நவாபுக்கும் மற்றவர்களுக்கும் தான் கடன் கொடுத்திருப்பதாகவும், அதற்கு ஈடாகத் தஞ்சை நிலவருவாய் தனக்கு எழுதித் தரப்பட்டிருப்பதாகவும் வந்து நின்றார். அவர் கேட்ட தொகை இரண்டு லட்சம் பவுனுக்கும் மேல். சொற்பச் சம்பளக்காரரிடம் அவ்வளவு பணம் எப்படி வந்தது என்று ஆலோசனை சபையில் பெரும்பான்மையினர் கேட்கவில்லை, அவர் பக்கமே சாய்ந்தார்கள். எதிர்த்து நின்ற ஆளுநரை 1776 ஆகஸ்டில் அவருடைய சபையினரே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு அவர் காவலிலேயே இறந்துபோனார். இதில் கைமாறிய ஒவ்வொரு பவுனும் காவிரிப் படுகையில் உழுதவனின் நெல். அந்த விளைச்சலின் மீது சண்டை போட்ட கும்பினிக்காரர்களில் பெரும்பாலோர் 'சிவில் சர்வண்ட்' என்றே அழைக்கப்பட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

பரிசு வாங்கமாட்டேன் என்று ஊழியர்களிடம் உடன்படிக்கை எழுதி வாங்கும் வழக்கம் 1765 இல் வங்காளத்தில் கிளைவ் காலத்தில் கண்டிப்பானது. பிளாசிப் போருக்குப் பின் தானே பெரும் பரிசு வாங்கியவர் கிளைவ் என்பதால் அன்று அதற்கு மதிப்பு குறைவு. ஆனாலும் 'கவனன்டட் சிவில் சர்வீஸ்', அதாவது உடன்படிக்கை செய்துகொண்ட ஊழியர் அணி, என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இந்த வேலையின் முதல் தொழில்நெறி என்று அதைத்தான் சொல்ல வேண்டும்: கை நீட்டாதே. பின்னால் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சொந்த வியாபாரத்தைத் தடுத்து, சம்பளத்தையும் நன்றாக உயர்த்தினார். வயிறு நிறைந்தால் கை சுத்தமாகும் என்பது அவர் கணக்கு. அதே கையோடு உயர் பதவிகளிலிருந்து இந்தியர்களை விலக்கியவரும் அவரே. பிறப்பைப் பார்த்து நேர்மையை அளந்த அந்தத் தப்புக் கணக்குக்கு நாம் நூறு ஆண்டுகளுக்கு மேல் விலை கொடுத்தோம்.

அப்புறம் தேர்வு வந்தது. கும்பினி இயக்குநர்களின் சிபாரிசால் ஆள் எடுப்பதை 1853 சாசனச் சட்டம் நிறுத்தியது. 1855 இல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு நடந்தது. 1863 இல் சத்யேந்திரநாத் தாகூர் அதில் வென்ற முதல் இந்தியர் ஆனார். இலங்கையில் பொன்னம்பலம் அருணாசலம் 1875 இல் போட்டித் தேர்வு வழியாகச் சிவில் சேவைக்குள் நுழைந்தார். சுபாஷ் சந்திர போஸ் 1920 இல் நான்காம் இடத்தில் தேறி, மறு ஆண்டே விலகினார். திறமை இருந்தது, கதவும் திறந்தது, ஆனால் யாருக்கு ஊழியம் என்ற கேள்விக்கு அவரால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இந்தியன் சிவில் சர்வீஸ் இந்தியனும் இல்லை, சிவிலும் இல்லை, சர்வீஸும் இல்லை என்ற அக்காலத்துக் கிண்டலை நேரு எடுத்தாண்டிருக்கிறார். கிண்டல்தான், ஆனால் சொல் ஆராய்ச்சியாகவும் அது சரியே.

இனி தமிழுக்கு வருவோம். 'சிவில்' தமிழில் ஒரே வழியில் வரவில்லை. சிவில் நீதிமன்றம் உரிமையியல் நீதிமன்றம் ஆனது. சிவில் எஞ்சினியரிங் கட்டடப் பொறியியல் ஆனது. சிவில் சப்ளைஸ் குடிமைப் பொருள் வழங்கல் ஆனது. ரேஷன் கடையில் அரிசி வாங்கும் எல்லோருக்கும் இந்தக் 'குடிமை' பழக்கம். குடிமைப் பணியும் இந்த வழியில் வந்ததே.

'குடி' மிகப் பழைய சொல். குடும்பம், குலம், ஊர், ஆளப்படும் மக்கள் என்று அதற்குப் பல பொருள். 'மன்னவன் கோல்நோக்கி வாழும் குடி' என்று குறள் சொல்லும்போது அது மக்களைக் குறிக்கிறது. 'குடிமை' கொஞ்சம் வேறு. குறளில் அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே உண்டு, அங்கே அதற்கு நற்குடிப் பிறப்பின் தன்மை என்று பொருள். சோழர் கல்வெட்டுகளில் குடிமை என்பது குடிகள் செலுத்த வேண்டிய வரியையும் கடப்பாட்டையும் குறிக்கும். ஆக, ஒரு காலத்தில் உயர்பிறப்பு, இன்னொரு காலத்தில் மக்கள் தலையில் விழுந்த பாரம். இன்று இந்தச் சொல் குடிமக்கள் சார்ந்தது என்ற பொருளில் நிற்கிறது. பிறப்பைச் சுட்டிய சொல், எந்தப் பிறப்பினரும் எழுதக்கூடிய ஒரு தேர்வின் பெயராகியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். கும்பினி வைத்த பெயரில் இல்லாத மக்களைத் தமிழ்ப் பெயர் உள்ளே கொண்டுவந்துவிட்டது.

'பணி' இன்னும் ஆழமானது. வேலை என்பது ஒரு பொருள். பணிதல் என்றால் தாழ்ந்து வணங்குதல், பணிவு அதிலிருந்து பிறந்தது. பணித்தல் என்றால் கட்டளையிடுதல். ஒரே வேர் ஆணையிடுவதையும் அடங்குவதையும் சேர்த்துச் சொல்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் நடப்பதும் இந்த இரண்டுதான். தாசில்தாரைப் பணிக்கவும் வேண்டும், திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வரும் பாட்டியிடம் பணிந்து பேசவும் வேண்டும். 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று அப்பர் பாடியதால் அந்தச் சொல்லில் ஒரு பக்திச் சாயலும் ஒட்டிக்கொண்டது. 'சேவை' வடமொழி. 'ஊழியம்' நல்ல தமிழ்ச் சொல்தான், ஆனால் திருவிதாங்கூரில் எளிய சாதியினர் மீது சுமத்தப்பட்ட கூலியில்லா வேலைக்கு அதுவே பெயர் என்பதால் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு.

'உத்தியோகம்' என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடமொழியில் அதன் முதற்பொருள் முயற்சி. 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்ற பழமொழியை முயற்சியே ஆளுக்கு அழகு என்று படிக்கலாம். நம்மிடம் வந்து அது நாற்காலி ஆகிவிட்டது. கூடவே 'அரைக்காசு என்றாலும் அரண்மனை உத்தியோகம்' என்றோம், காலம் மாறியதும் 'கோழி மேய்ச்சாலும் கவர்மெண்ட்ல மேய்க்கணும்' என்றோம். இந்தப் பழமொழிகளைச் சோம்பேறிகளின் ஆசை என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மழையை நம்பிய வீட்டில் மாதம் பிறந்தால் வரும் சம்பளம் பெரிய விஷயம். அலுவலக வாசலில் கைகட்டி நின்ற குடும்பத்துப் பிள்ளை உள்ளே போய் உட்கார விரும்புவதும் பதவி ஆசை என்ற ஒரு வார்த்தையில் அடங்காது. நீதிக்கட்சி அரசு 1921 இல், அரசு வேலையில் எல்லாச் சமூகத்தினருக்கும் இடம் தரும் வகுப்புவாரி அரசாணை கொண்டுவந்ததும், மாகாணங்களிலேயே முதலாவதாக மதராஸில் 1929 இல் பணியாளர் தேர்வாணையம் அமைந்ததும் இந்த ஆசையோடு சேர்ந்தவைதான். அரசு வேலை இங்கே மரியாதைக்கான வழியாகவும் இருந்திருக்கிறது.

ஆகவே ஏன் வந்தாய் என்ற கேள்விக்கு ஒரே ஒரு தூய பதிலை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. இன்டர்வியூவில் 'மக்களுக்குச் சேவை செய்ய' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் பொய் இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் சம்பளம், பாதுகாப்பு, ஊர் மரியாதை, அப்பாவின் கனவு எல்லாம் அதன் கூடவே வருகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் பேர் விண்ணப்பித்து ஆயிரம் பேர் அளவில் தேறும் தேர்வில், கலப்பில்லாத உள்ளம் உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுக்க எந்தக் கேள்வித்தாளாலும் முடியாது. 2013 முதல் முதன்மைத் தேர்வில் அறநெறிக்கென்று 250 மதிப்பெண் தாள் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அது நெறி பற்றிய அறிவைத்தான் அளக்கும்.

பழந்தமிழ் மரபு இதை வேறு விதமாகப் பார்த்தது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கையும் காட்டி ஒருவரைச் சோதித்த பிறகே நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது குறள். வடமொழி அர்த்தசாத்திரத்திலும் இதே நான்கு சோதனை உண்டு. பொறுப்பை ஒப்படைக்கத் தகுந்தவருக்கு வேண்டிய நான்கையும் இன்னொரு குறள் சொல்கிறது: அன்பு, அறிவு, தேற்றம் (ஐயமில்லாத தெளிவு), அவாவின்மை (ஆசையின்மை). பரிமேலழகர் அந்த அன்பை அரசன் மேல் வைக்கும் அன்பு என்று உரை எழுதினார். அவர் காலத்துக்கு அது சரி. அரசன் இருந்த இடத்தில் குடிகள் வந்துவிட்டதால் இன்று அன்பும் அந்தப் பக்கம் திரும்பியாக வேண்டும். அவாவின்மை மட்டும் எந்த ஆட்சியிலும் மாறாது.

அந்த அவாவுக்குத் தமிழில் எத்தனை பெயர்! 'மாமூல்' அரபியில் வழக்கமானது என்று பொருள்படும் சொல், நாம் லஞ்சத்துக்கு வைத்துக்கொண்டோம். 'கிம்பளம்' சம்பளத்தின் எதிரொலியாகப் பிறந்து தனிச் சொல்லாகவே ஆகிவிட்டது. பெண் கொடுக்கும் இடத்தில் 'மேல்வரும்படி உண்டா' என்று கூச்சமில்லாமல் விசாரித்த ஊர் இது. அதிகாரியை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்ப முடியாது.

அகில இந்தியப் பணிகளின் 1968 நடத்தை விதிகள் 'முழுமையான நேர்மை', 'கடமையில் ஈடுபாடு' இரண்டையும் முதன்மையாகக் கேட்கின்றன. நேர்மைக்குத் தமிழில் 'நாணயம்' என்றும் சொல்வோம். காசுக்கும் அதுவே பெயர். கணக்கில் சுத்தமாக இருப்பது அதன் ஒரு பகுதி. மேலே இருப்பவர் முகம் சுளித்தாலும் கோப்பில் உள்ளதை உள்ளபடி எழுதுவது இன்னொரு பகுதி, கடினமான பகுதி. 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் பட்டேல் பேசியபோது, தன் கருத்துக்கு எதிராகவே தன் செயலர் குறிப்பு எழுதலாம், அந்தச் சுதந்திரத்தைத் தான் கொடுத்திருப்பதாகச் சொன்னார். விசாரணை இல்லாமல் அரசு ஊழியரை நீக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் 311 ஆவது பிரிவு இந்தத் துணிவுக்காகத்தான் இருக்கிறது. சோம்பலுக்குக் கேடயமாக அதைப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய துரோகம்.

எஸ்.ஆர்.சங்கரன் என்ற தமிழர் 1957 இல் ஆட்சிப் பணியில் சேர்ந்து ஆந்திரப் பிரதேசத்தில் வேலை பார்த்தார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டு தலித்துகள், பழங்குடியினர் வாழும் ஊர்களுக்கே போனார், அந்தத் தொழிலாளர்களின் உரிமையை அவர்களிடமே எடுத்துச் சொன்னார். பத்ம பூஷண் வந்தபோது ஏற்கவில்லை. திருமணம் செய்துகொள்ளாமல், சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தார். அவர் எந்த நோக்கத்தோடு தேர்வு எழுதினார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

சொல்லைப் பயன்படுத்துவதில் சில குறிப்புகள். மொத்தத்தையும் சொல்லும்போது 'குடிமைப் பணிகள்'. ஐ.ஏ.எஸ்.ஸை மட்டும் சொன்னால் 'இந்திய ஆட்சிப் பணி', ஐ.பி.எஸ். என்றால் 'இந்தியக் காவல் பணி', ஐ.எஃப்.எஸ்.ஸில் தூதரக வேலை என்றால் 'இந்திய வெளியுறவுப் பணி', காடு என்றால் 'இந்திய வனப் பணி'. இலங்கைத் தமிழில் பழைய சிவில் சேவையின் இடத்தில் 1963 முதல் 'இலங்கை நிர்வாக சேவை' இருக்கிறது. அங்கே எழுதும்போது அதையே எழுத வேண்டும், நம் சொல்லைத் திணிக்கக் கூடாது. ஆளைக் குறிக்க 'குடிமைப் பணி அதிகாரி' என்று எழுதுவது பெருகிவருகிறது. 'குடிமைப் பணியாளர்' என்பதே பொருத்தம். நம் தேர்வாணையத்தின் பெயரிலும் 'பணியாளர்' என்றுதான் இருக்கிறது.