பொட்காஸ்ட் என்னும் வலையொலி: சொல்லும் அதில் பேசும் வீராங்கனைகளும்

பொட்காஸ்ட்: இணையத்தில் அங்கம் அங்கமாக, அதாவது எபிசோட் எபிசோடாக, ஏற்றப்படும் ஒலித்தொடர். கேட்பவர் தனக்கு வசதியான நேரத்தில் கேட்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தமிழில் வலையொலி. தமிழ்நாட்டில் பாட்காஸ்ட் என்று எழுதுகிறார்கள். திருகோணமலையில் எங்களுக்கு அது பொட்காஸ்ட்தான்.

ஆங்கிலத்திலும் இது பழைய சொல் இல்லை. 2004 பெப்ரவரியில் லண்டன் கார்டியன் நாளிதழில் பென் ஹமர்ஸ்லி என்ற செய்தியாளர், ஆளாளுக்கு இணையத்தில் வானொலி நடத்தத் தொடங்கியதைப் பற்றி எழுதினார். இதை என்னவென்று அழைப்பது என்று கேட்டு மூன்று பெயர்களை வரிசையாகப் போட்டார். அவற்றில் ஒன்று பொட்காஸ்டிங். ஐபொட் என்ற, பாட்டுக் கேட்கும் ஆப்பிள் கருவியின் பெயரில் பின்பாதியையும் புரோட்காஸ்ட் என்ற சொல்லின் பின்பாதியையும் ஒட்டிய ஒட்டு அது. 2005இல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பொட்காஸ்டுகளுக்கு இடம் கொடுத்தது. அதே ஆண்டு நியூ ஒக்ஸ்போர்ட் அமெரிக்க அகராதி இதை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது. ஐபொட்டை 2022இல் ஆப்பிள் கைவிட்டுவிட்டது. இன்றைய பிள்ளைகளில் பலர் அந்தக் கருவியைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள்.

புரோட்காஸ்ட் வயலிலிருந்து வந்த சொல். விதையைக் கையால் அள்ளி வீசி விதைப்பதற்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். கந்தளாய்க் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்களிடம் வீசி விதைப்பு என்றால் விளக்கமே தேவையில்லை. வானொலி வந்தபோது அந்தச் சொல் குரலுக்கும் போனது. நாம் ஒலிபரப்பு என்றோம். பரப்புதல் என்ற கருத்து அப்படியே இருக்கிறது. ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல்ல திருகோணமலையில் சிற்றலை மறுஒலிபரப்பு நிலையம் வைத்து நடத்தியதே, அது அசல் பரப்பு. யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் வானத்தில் வீசுவது.

வலையொலி அப்படி இல்லை. தேடி வருகிறவரே கேட்கிறார். நேரத்தைப் பங்கு போட நிலையமும் இல்லை. பெண்களின் விளையாட்டு இதற்குள் வேகமாக நுழைந்ததற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம். இலங்கைத் தமிழ் வானொலியில் பெண் குரலுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வானொலிக் குயில் ராஜேஸ்வரி சண்முகத்தை அறியாத தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் இருந்திருக்காது. ஆனால் நாடகம், மங்கையர் நிகழ்ச்சி, பாட்டு என்று போனால் பெண் குரல். துடுப்பாட்ட நேர்முக வர்ணனை என்றால் காதில் விழுவது பெரும்பாலும் ஆண் குரல்.

வட அமெரிக்காவில் 2017இல் ஐந்து பெண்கள் சேர்ந்து பெண்ணிய நோக்கில் விளையாட்டைப் பேசும் வலையொலி ஒன்றைத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் அளவில் நடத்தினார்கள். அப்புறம் ஆடி ஓய்ந்தவர்களே வந்தார்கள். கூடைப்பந்தாட்டத்தில் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற சூ பேர்ட், 2015, 2019 உலகக் கிண்ணங்களை வென்ற உதைபந்தாட்ட வீராங்கனை மேகன் ரபினோ இருவரும் சேர்ந்து ஒரு வலையொலியைத் தொடங்கினார்கள். பேட்டி கொடுத்தே பழகியவர்கள், இங்கே கேள்வியும் தாங்களே கேட்டார்கள்.

நம் பக்கத்தில் சொல்ல ஆள் இல்லையா? யாழ்ப்பாணத்தில் பிறந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்து, 2019 லிவர்பூல் உலகக் கிண்ண வலைப்பந்தாட்டத்தில் அதிக கோல் போட்ட தர்ஜினி சிவலிங்கம் இருக்கிறார். செய்தித்தாள்கள் அவருடைய 6 அடி 10 அங்குல உயரத்தை விட்டு நகர்வதே குறைவு. நிதானமாக ஒரு மணி நேரம் பேச விட்டால் உயரத்தைத் தாண்டி எவ்வளவோ வரும்.

என் மச்சாள் ஒருத்தி பாடசாலைக் காலத்தில் வலைப்பந்தாட்டத்தில் கோல் ஷூட்டர், கோல் போடுகிற ஆள். இப்போது தன்னோடு விளையாடியவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்கிறாள். ஏகாம்பரம் மைதானத்தில் முயன்று பார்த்தாள். கடற்காற்று போனுக்குள் புகுந்து உர்ர்ரென்று இரைந்ததில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. இப்போது அறைக் கதவைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, போனைத் தலையணைமேல் வைத்து, வேர்க்க விறுவிறுக்கப் பேசுகிறார்கள். ஓர் அங்கத்தில், பந்து பட்டு வளைந்து நிமிராமலே போன தன் சுண்டுவிரலை ஒரு பெண் வர்ணிப்பார். சாதாரண தரப் பரீட்சையோடு விளையாட்டை ஏன் விட்டார் என்ற கதை அந்த விரலிலிருந்துதான் தொடங்கும். வானொலியில் இதற்கு யார் நேரம் தருவார்?

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். வலைத்தளம், வலைப்பூ என்ற வரிசையில் பிறந்தது வலையொலி. கடற்கரை ஊரில் வலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கரைவலைதான், ஆனாலும் யாரும் குழம்பியதில்லை. குழப்பம் வேறிடத்தில்: யூடியூபைச் சிலர் வலையொளி என்கிறார்கள். ஒலிபரப்பு, ஒளிபரப்பு போலவே லகர ளகரத்தில் எல்லாம் தொங்குகிறது. அதோடு இப்போது பல பொட்காஸ்டுகள் கமராவுக்கு முன்னால்தான் நடக்கின்றன. அவற்றையும் வலையொலி என்றே சொல்லலாம் என்பேன். பேச்சுதான் அங்கே சரக்கு, முகம் கூடுதல். ஒலியோடை என்றும் சிலர் எழுதினார்கள். காதுக்கு இனிமைதான், ஆனால் பாட்டு ஓடுவது போன்ற நினைப்பைத் தருகிறது. இணைய ஒலிபரப்பு என்பது நேரலை வானொலிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

நடத்துபவரை வலையொலியாளர் எனலாம். அறிவிப்பாளர் போல ஆண், பெண் இருவருக்கும் ஒரே சொல் போதும். வீரர், வீராங்கனை என்று பிரிக்கத் தேவையில்லை. எபிசோடுக்கு வானொலி நாடகக் காலத்து அங்கம் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். எழுதும்போது ஒற்று கவனிக்க: வலையொலித் தொடர், வலையொலிப் பதிவு; ஆனால் வலையொலிகள், வலையொலியில்.