புகையின் இருப்பிடத்தை அளக்கும் வீடு

அமெரிக்காவின் இடாஹோ, மொண்டானா மலைக்காடுகளில் 1910 ஆகஸ்டில் இரண்டே நாட்களில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்து சாம்பலானது. தீயைச் சிறு புகையாக இருக்கும்போதே கண்டுபிடித்தாக வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்று, மலையுச்சிகளில் கண்காணிப்பு வீடுகள் பெருகின. வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைத் தேசியப் பூங்காவில் 1930களில் கட்டப்பட்ட நான்கு வீடுகள் இன்றும் நிற்கின்றன.

புகை கண்ணில் பட்டுவிடும். அது எந்த இடத்திலிருந்து எழுகிறது என்று சொல்வதுதான் கடினம். அதற்காக, வனத்துறை ஊழியரான வில்லியம் ஆஸ்போர்ன் உருவாக்கிய கருவி அறையின் நடுவே இருக்கும். அதில் பதித்த வட்ட வரைபடத்தின் மையம், வீடு நிற்கும் இடமே. படத்தைச் சுற்றிப் பாகை குறித்த வளையமும், அதன்மேல் சுழலும் நோக்கியும் உண்டு. நோக்கியின் ஒரு முனையில் மெல்லிய துளை, எதிர்முனையில் செங்குத்தாக இழுத்துக் கட்டிய குதிரைமுடி. காவலர் துளைவழியே பார்த்து, முடி புகையின் அடிப்பகுதியில் பொருந்தும்வரை நோக்கியைத் திருப்புவார். காற்று புகையின் தலைப்பகுதியை நகர்த்திவிடும் என்பதால் அடிப்பகுதிதான் கணக்கு. இப்படிக் கிடைக்கும் பாகை ஒரு நேர்கோட்டை மட்டுமே தரும்; இன்னொரு உச்சியிலிருக்கும் காவலர் தொலைபேசியில் தம் பாகையைச் சொன்னால், இரு கோடுகளும் வெட்டும் புள்ளியில் தீ இருக்கிறது. ஒரு பாகை பிசகினால், 20 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 350 மீட்டர் தவறிவிடும்.

கட்டடமும் இந்த அளவீட்டுக்கு ஏற்பவே அமைந்தது. ரெய்னியர் வீடுகளின் மேல்தளம் சுமார் 14 அடிச் சதுரம், நாற்புறமும் கண்ணாடி. மூலைத்தூண் புகையை மறைத்தால் கருவியை அதன் அடியிலுள்ள சிறு தண்டவாளத்தில் சற்றே நகர்த்திப் பார்க்கலாம். அக்காலப் பூங்காத் துறையோ, கட்டடங்கள் அந்தந்த மண்ணின் கல்லாலும் மரத்தாலும் எழுந்து நிலத்தோடு இசைய வேண்டும் என்றது. அதே பூங்காவின் லாங்மையரில் 1928இல் கட்டிய அலுவலகம், உருண்ட பாறைகளின்மேல் முழுமரங்களை அடுக்கி அந்தக் கொள்கையை நிறைவேற்றியது. பார்வையை மறைக்கக் கூடாத உச்சி வீட்டுக்கு அந்தக் கனத்த சுவர் ஒவ்வாது. மரச்சட்டகமும் சிறிய உருவமுமாக அது மலையோடு ஒன்றியிருப்பதையே இக்கட்டடக்கலையின் அரிய வெற்றியாக நான் கருதுகிறேன்.

உயரமான இடம் மின்னலையும் ஈர்க்கும். கூரையின் இடிதாங்கியிலிருந்து செப்புக்கம்பிகள் சுவரோரமாக இறங்கி மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுசென்றன. இரும்பு அடுப்பும் அவற்றோடு இணைக்கப்பட்டது. காவலர் நிற்பதற்கு, மின்சாரம் கடக்காத கண்ணாடிக் குமிழ்களைக் கால்களில் பொருத்திய முக்காலி இருந்தது. இடி முழங்கும்போது அதன்மேல் நின்றபடியே, மின்னல் இறங்கிய இடங்களை அவர் கருவியால் குறித்துக்கொள்வார். அங்கெல்லாம் பின்னர் புகை கிளம்பக்கூடும்.