ஓவரோல்: கழற்றிப் பூட்டல்

“தம்பி, இது ஓவரோல் செய்த மெசின். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.”

சுன்னாகப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் வைத்துக் கேட்ட வசனம் இது. எங்கள் வளவில் நின்ற வேம்பு காற்றுக்கு முறிந்து வேலிக்கு மேலே கிடந்தது. ஆள் பிடித்து அரிவிக்கும் கூலியைக் கணக்குப் பார்த்தபோது, பழைய செயின்சோ ஒன்றையே வாங்கிவிட்டால் என்ன என்று ஒரு புத்தி. போய்ப் பார்த்தால் மெசின் துடைத்து மினுங்கிக்கொண்டிருந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஓவரோல் எண்டா என்னென்ன அண்ணை செய்தது?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ஓவரோல் எண்டா ஓவரோல்தான்.”

யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் இந்தச் சொல்லைக் கேளாத நாளில்லை. பஸ் எஞ்சின், தண்ணீர் இறைக்கும் மெசின், மோட்டார் சைக்கிள், செயின்சோ எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். விற்பவர் சொல்லும்போது அதன் பொருள் ‘புதுசு மாதிரி’. மெக்கானிக் சொல்லும்போது ‘எல்லாம் கழட்டின வேலை’. வாங்குகிறவர் காதில் விழும்போது ‘இனிப் பயமில்லை’. ஒரே சொல்லில் மூன்று பொருள் ஓடினால் காசு போவது யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, சொல்லைப் பிரிப்போம். இது ஆங்கிலத்தில் இரண்டு துண்டு. முன்துண்டு ‘ஓவர்’ நமக்குத் தெரிந்ததுதான். பின்துண்டான ‘ஹோல்’ என்பதற்கு இழுத்தல் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தாலும் அதன் வேர் ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. டச்சுக்காரர் ‘போய் எடுத்து வா’ என்பதற்குச் சொல்லும் ‘ஹாலன்’ இதன் உறவு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், அதாவது அதே டச்சுக்காரர், ‘கந்தோர்’ (அலுவலகம்) என்ற சொல்லை நேரே நம் வாயில் வைத்துவிட்டுப் போனார்கள். ‘ஓவரோல்’ அப்படி வரவில்லை. ஆங்கிலேயர் காலத்து எஞ்சின்களோடு சுற்றுவழியில் வந்தது.

ஆனால் எஞ்சினுக்கும் முன்னால் அது கடலில் இருந்தது. 1620களில் பாய்க்கப்பல் மாலுமிகள் வழங்கிய சொல் அது. பாயை ஏற்றி இறக்கும் கயிறு இரண்டு கப்பிகளுக்கிடையில் பல சுற்று ஓடும். பாயை ஏற்றக் கயிற்றை இழுக்கும் திசைக்கு எதிர்த்திசையில் இழுத்தால் சுற்றுகள் தளரும், கப்பிகள் விலகும். அப்போது கயிறு எங்கே நைந்திருக்கிறது, கப்பியில் எது தேய்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். இப்படித் தளர்த்திப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் ஓவரோல் என்று பெயர். நூறு ஆண்டு கழிவதற்குள் ‘துருவிச் சோதித்தல்’ என்ற பொருள் கடலைவிட்டுக் கரைக்கு வந்துவிட்டது. பழுது திருத்தல் அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் பாய் விரித்துப் போனது. அதில் போன நம் ஆட்களும் அந்த வேலையை நாள்தோறும் செய்திருப்பார்கள், என்ன பெயர் சொல்லிச் செய்தாலும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மூலப் பொருளில் ‘புதிதாக்கு’ என்பது எங்குமே இல்லை. இழு, தளர்த்து, பார். அவ்வளவுதான்.

இன்னொரு ஓவரோலும் உண்டு. கராஜில் மெக்கானிக் போட்டுக்கொள்ளும் உடுப்பு. ஆங்கிலத்தில் அது வேறு சொல், பின்துண்டும் வேறு. தமிழ் எழுத்தில் வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஓவரோல் போட்டுக்கொண்டு ஓவரோல் செய்கிறார் என்று எழுதினால் பிழையில்லை, வாசிக்கிறவர் பாடுதான் கஷ்டம்.

பக்கத்துச் சொற்களையும் பிரித்து வைக்க வேண்டும், கராஜில் இவை ஒன்றுக்கொன்று கலந்துதான் வருகின்றன. ரீகொண்டிஷன் என்றால் நம் நாட்டில் பெரும்பாலும் ஜப்பானில் ஓடி முடித்து இறக்கிய வாகனம். ரீபோர் வேறு: தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனையும் அதற்கேற்பப் பெரிதாகப் போடுவது. பழைய மோட்டார் சைக்கிள்களின் இரும்புச் சிலிண்டருக்கு அது சரி. செயின்சோவுக்குச் சரிவராது. அதன் சிலிண்டர் அலுமினியம். உட்சுவரில் குரோமியமோ நிக்கலோ மெல்லிய பூச்சாக ஏற்றியிருப்பார்கள். கடைந்தால் பூச்சுப் போய்விடும். பூச்சு உரிந்தால் சிலிண்டரையும் பிஸ்டனையும் சோடியாக மாற்றுவதுதான் வழக்கமான வழி. ஆகவே ‘போர் பண்ணி ஓவரோல் செய்த செயின்சோ’ என்று யாராவது சொன்னால், சொல்பவருக்குச் சொல்லும் தெரியாது, மெசினும் தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனித் தமிழ். ‘பழுதுபார்த்தல்’ என்று எழுதுவோர் உண்டு. அது பழுது வந்த பிறகு செய்வது. ஓவரோல் பழுது வராமலும் செய்வது. ‘புதுப்பித்தல்’ விற்பவருக்கு வாய்ப்பான சொல், அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. அனுமதிப்பத்திரத்தையும் புதுப்பிக்கிறோம், அதற்குள் எதைக் கழற்றினோம்? ‘செப்பனிடல்’ நல்ல சொல். செப்பம் என்றால் நேர்மை, கோணலின்மை. குறளில் நடுவுநிலைமைக்கே அந்தச் சொல் வருகிறது. ஆனால் தெருவைச் செப்பனிடலாம், வேலியைச் செப்பனிடலாம். பிரித்தெடுக்கும் பொருள் அதில் இல்லை.

கராஜில் நிற்கும் பெடியனிடம் “என்னடா செய்யிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். “கழட்டிப் பூட்டுறன்” என்பான். வேறு சொல் தேடத் தேவையில்லை. எழுத்தில் கழற்றிப் பூட்டல்.

இரண்டு வினையும் பழமையானவை. கழல் என்றால் தளர்ந்து நழுவுதல். பிரிவில் மெலிந்த தலைவியின் கையிலிருந்து வளை கழலும் என்று சங்கப் புலவர்கள் பாடினார்களே, அந்தக் கழல். அதன் பிறவினை கழற்று, பேச்சில் கழட்டு. பூண் என்றால் அணிதல், பொருந்துதல். அதன் பிறவினை பூட்டு. ஏர் பூட்டினோம், வண்டியில் மாடு பூட்டினோம், வில்லில் நாண் பூட்டினார்கள். தமிழ்நாட்டார் பலருக்குப் பூட்டு என்றதும் திறப்புப் போட்டு மூடுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். நமக்கு அதுவும் உண்டு, பொருத்துதலும் உண்டு: சைக்கிள் பூட்டுவோம், மோட்டர் பூட்டுவோம். நகையில் தொடங்கிய இரண்டு சொற்கள் கிரீஸ் கையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

பூண் என்றதும் ஒரு கிளைக்கதை. நமது பாடநூல்களில் பிஸ்டனுக்கு முசலம் என்று போட்டிருக்கும். முசலம் வடமொழியில் உலக்கை. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது எங்கிருந்து பிடித்தார்களோ என்று சிரித்திருக்கிறோம். பிறகுதான் தெரிந்தது, பிஸ்டன் என்ற சொல்லே இத்தாலியத்தில் உலக்கையிலிருந்து வந்தது. இடித்தல் என்ற லத்தீன் வினை அதன் அடி. சொல்லாக்கியவர்கள் வேரைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். உலக்கை நுனியில் பிளக்காமல் இருக்க ஒரு இரும்பு வளையம் போடுவார்களே, அதற்கு என்ன பெயர்? பூண். பிஸ்டனுக்கு ரிங் போடுவது உலக்கைக்குப் பூண் போடுவதேதான். கடைக்குப் போய் ‘பூண் ஒரு செட்’ என்று கேட்டால் தருவார்களா என்பது வேறு விஷயம்.

கழற்றிப் பூட்டலில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. கழற்றவும் சொல்கிறது, பூட்டவும் சொல்கிறது. நடுவில் பார்க்கச் சொல்லவில்லை. மாலுமிகளின் சொல்லில் உயிராக இருந்ததே அந்தப் பார்வைதான். நல்ல மெக்கானிக் “கழட்டிப் பாத்துப் பூட்டினனான்” என்று மூன்றையும் சேர்த்தே சொல்வார். அந்த நடுச்சொல் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

வீட்டில் நாமே பார்ப்பதென்றால் முழுதாகக் கழற்றத் தேவையில்லை. முதலில் ஸ்பார்க் பிளக்கின் வயரை இழுத்து விடுங்கள், தாங்கியில் பெட்ரோல் இருந்தால் வடித்துவிடுங்கள். செயின்சோவில் வெடிப்பு அறைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது: சைலன்சர். ஆறிய மெசினில் அதைக் கழற்றினால் புகை வெளியேறும் துவாரம் தெரியும், அதற்குள்ளே பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். கைக்கயிற்றை மெல்ல இழுத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். நல்ல பிஸ்டனில் கடைந்த காலத்து மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் இருக்கும். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் உலோகம் உலோகத்தை உரசியிருக்கிறது. இந்தச் சைலன்சர்ப் பக்கம் கீறல் என்றால் பெரும்பாலும் சூடு, அதாவது பெட்ரோலில் கலக்கும் ஒயில் குறைவு அல்லது எங்கோ காற்றுக் கசிவு. பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகும் காபரேட்டர் பக்கத்தில் கீறல் என்றால் எயார் ஃபில்டரைத் தாண்டி மரத்தூளும் புழுதியும் போயிருக்கின்றன.

அடுத்தது அமுக்கம். பிளக் துவாரத்தில் மானியைப் பூட்டிக் கயிற்றை நாலைந்து தடவை இழுத்தால் சதுர அங்குலத்துக்கு 120 முதல் 150 இறாத்தல் வரை காட்ட வேண்டும். 100க்குக் கீழே என்றால் உள்ளே தேய்ந்திருக்கிறது, அல்லது கழற்றியவர் ஒழுங்காகப் பூட்டவில்லை. மானி இல்லையா? பிளக்கைப் பூட்டி, கயிற்றுப் பிடியில் மெசினை ஒருக்கால் தூக்கிப் பிடியுங்கள். விக்கி விக்கி இறங்கினால் நல்லது. சர்ரென்று நிலத்துக்கு வந்தால் உள்ளே பிடிமானம் இல்லை. (கீழே காலை வைக்க வேண்டாம்.)

பிளக்கின் நிறமும் கதை சொல்லும். இளம் மண்ணிறம் நல்லது. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதாமல் சூடாகி ஓடியிருக்கிறது. கரிபிடித்து எண்ணெய்ப் பசையாக இருந்தால் கலவை தடிப்பு (காற்றுக்குப் பெட்ரோல் அதிகம்), அல்லது ஃபில்டர் அடைப்பு. இடைவெளி பெரும்பாலான மெசின்களுக்கு 0.5 மில்லிமீற்றர்.

பூட்டியதில் அடிக்கடி தவறுவது கிராங்கின், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டின், இரண்டு பக்கமும் காற்றுப் புகாமல் அடைக்கும் சீல்கள். பிஸ்டனையும் ரிங்கையும் புதிதாகப் போட்டுவிட்டுப் பழைய சீலை அப்படியே விட்டால் அது காற்றை உறிஞ்சும். எக்ஸிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் சிறிது நேரம் உயரத்திலேயே நிற்கும், அல்லது மெசினைச் சரித்தால் ஓட்டம் மாறும். அதை அப்படியே ஓட்டினால் புதுப் பிஸ்டன் சில நாளிலே சிலிண்டரோடு இறுகிப் பிடித்துப்போகும். ‘எஞ்சின் பிடிச்சிட்டுது’ என்பதும் நம் கராஜ் தமிழ்தான். ஆங்கிலக்காரரும் அதற்குப் ‘பிடித்தல்’ என்ற பொருளுள்ள சொல்லையே சொல்கிறார்கள்.

கழற்றிப் பூட்டிய எஞ்சினை முதல் சில தாங்கிப் பெட்ரோல் வரைக்கும் பாரமில்லாமல் முழு வேகத்தில் கத்த விடக்கூடாது. ஒயிலுக்குக் கண்ணளவு வேண்டாம். கையேட்டில் 50க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. மாதக்கணக்கில் கலந்து வைத்த பெட்ரோலை ஊற்றினால் காபரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர்த் தகடு விறைத்து, மெசின் ஸ்டார்ட் ஆகாமல் நம் தோளை ஓவரோல் செய்யும்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது இந்தத் தீபகற்பத்தில் பெட்ரோல் மருந்து மாதிரி. கொஞ்சப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சைக்கிள் டைனமோ சுழற்றி ரேடியோ கேட்டோம். புதுச் சாமான் வராத ஊரில் ஒவ்வொரு எஞ்சினும் கழற்றிப் பார்த்துத்தான் பூட்டப்பட்டது. கழற்றியதில் எது இன்னும் உதவும் என்று பிரித்து வைக்கவும் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கைகளில் பல இன்றும் கராஜ்களில் இருக்கின்றன. அவர்களிடம் மெசின் வாங்கினால் என்ன மாற்றினேன், எதை மாற்றவில்லை என்று கேட்காமலே சொல்வார்கள்.

சுன்னாக விறாந்தைக்குத் திரும்புவோம். சைலன்சரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாமென்று சொல்ல அவருக்கு முகமில்லை. கழற்றும் சாவி கொண்டுவந்து தந்தார். உள்ளே கரி ஒரு விரல்கடை. பிஸ்டனில் மேலிருந்து கீழாக, பனை ஓலையில் எழுத்தாணி இழுத்த மாதிரி கீறல். அவரும் குனிந்து பார்த்தார்.

“அப்ப கழட்டேல்லைத் தம்பி,” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. “கழுவினதுதான்.”

வேம்பைக் கடைசியில் ஆள் பிடித்துத்தான் அரிவித்தேன்.