அம்மா ஏன் அழவில்லை?

“எந்த நாட்டில் குழந்தை காணாமல் போனாலும், இரண்டு நாளில் பெற்றவளையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறார்களே, ஏன்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பதிலின் பெரும்பகுதி 1973இல் வெளியான ஒரு சோதனையில் இருக்கிறது.

ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 39 பெயர்களைப் பதிவுசெய்து மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பட்டியலில் மிகப் புகழ்பெற்ற 19 பெண்கள், அவ்வளவு புகழ் இல்லாத 20 ஆண்கள். இன்னொரு பட்டியலில் 19 ஆண்கள் புகழ்பெற்றவர்கள், 20 பெண்கள் அப்படியில்லை. முடிந்ததும் ஒரே கேள்வி: ஆண் பெயர் அதிகமா, பெண் பெயர் அதிகமா? பதில் சொன்ன 99 பேரில் 80 பேர், புகழ்பெற்றவர்கள் இருந்த பக்கம்தான் அதிகம் என்றார்கள். உண்மையில் அந்தப் பக்கம்தான் ஒன்று குறைவு.

இங்கே நடப்பது ஒரு மாற்றாட்டம். ‘எத்தனை?’ என்பது கடினமான கேள்வி. மூளை அதை ஓரமாக வைத்துவிட்டு, ‘எது சட்டென்று ஞாபகம் வருகிறது?’ என்ற சுலபமான கேள்விக்குப் பதில் சொல்கிறது. கேள்வி மாறிவிட்டது என்பதே நமக்குத் தெரிவதில்லை.

இதைவிட அழகான சோதனை ஒன்றை 1991இல் நார்பர்ட் ஷ்வார்ஸும் அவருடைய குழுவும் செய்தார்கள். நீங்கள் விட்டுக்கொடுக்காமல் உறுதியாக நின்ற 6 சந்தர்ப்பங்களை எழுதுங்கள் என்று சிலரிடமும், 12 எழுதுங்கள் என்று வேறு சிலரிடமும் சொன்னார்கள். அப்புறம், நீங்கள் எவ்வளவு உறுதியான ஆள் என்று கேட்டார்கள். 12 எழுதியவர்கள் கையில் இரண்டு மடங்கு ஆதாரம் இருந்தது. ஆனாலும் அவர்கள்தான் தங்களைக் குறைவாக மதிப்பிட்டார்கள்! ஆறேழு எழுதியதும் அடுத்தது வரத் திணறுகிறது. ‘இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறதே, அப்படியானால் நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை போலும்’ என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. மனம் எடைபோடுவது ஆதாரங்களின் எண்ணிக்கையை இல்லை, அவை வந்த வேகத்தை. படிக்கும்போதெல்லாம் என்னை வியக்க வைக்கும் முடிவு இது.

சரி, குழந்தைகளுக்கு வருவோம். 1979இல் நியூயார்க்கில் ஈட்டன் பாட்ஸ், 1981இல் ஃபுளோரிடாவில் ஆடம் வால்ஷ். காணாமல் போன இருவருக்கும் 6 வயது. சில ஆண்டுகளில் காணாமல் போன குழந்தைகளின் முகங்கள் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சாகி, தினமும் காலையில் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. முகம் தெரியாத ஆள் வந்து தூக்கிப் போய்விடுவான் என்ற பயம் நாடெங்கும் பரவியது. 1999ஆம் ஆண்டுக்கான அமெரிக்க அரசு ஆய்வு அந்த ஆண்டில் காணாமல் போனதாகத் தகவல் தரப்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய 8 லட்சம் என்று மதிப்பிட்டது. அந்நியர்களோ அரைகுறையாகத் தெரிந்தவர்களோ கடத்திய, நாம் பயப்படுகிற மாதிரியான சம்பவங்கள் ஏறக்குறைய 115. மற்றவற்றில் பெரும்பாலானவை வீட்டைவிட்டு ஓடிப்போனவையும், தகவல் குழப்பத்தால் தேடப்பட்டவையும்தான். பெற்றோர் பிரிந்தபின் ஒருவர் குழந்தையை எடுத்துச் சென்றவையும் உண்டு.

இந்த மாதிரி தேசிய அளவிலான கணக்கெடுப்பு அங்கே 1988, 1999, 2011 என்று பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடந்திருக்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஞாபகத்தின் பிழையைத் திருத்த நம்மிடம் இருக்கும் ஒரே கருவி எண்ணிக்கை. ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் காசு ஒதுக்கி இதை எண்ண வேண்டும்.

புகழ்பெற்ற வழக்கு பயத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. புது வழக்கில் விவரம் தெரியாத இடங்களை அது தன் விவரங்களால் நிரப்பிவிடுகிறது. 2007 மே மாதம் போர்ச்சுகலில் மேடலின் மெக்கேன் என்ற பிரிட்டிஷ் சிறுமி காணாமல் போனபோது, தாய் கேமரா முன் போதுமான அளவு அழவில்லை என்பதே பலருக்குப் பெரிய தடயமாகிவிட்டது. பெற்றோரைக் குற்றவாளிகள்போலக் காட்டி எழுதிய பிரிட்டிஷ் பத்திரிகைகள் 2008 மார்ச்சில் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, 5,50,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தன. அதே மாதத்தில் இங்கிலாந்தின் ட்யூஸ்பரியில், 24 நாள் தேடப்பட்ட ஒரு சிறுமி உறவினர் வீட்டுக் கட்டிலின் அடிப்பெட்டிக்குள் கிடைத்தாள். சன்மானத்துக்காக மறைத்து வைத்த சதியில் தாய்க்கே பங்கு இருந்தது. அந்தத் தாய் டிவியில் அழுது மன்றாடியவர்!

2021இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் முகாமிட்டிருந்த கூடாரத்திலிருந்து 4 வயதுச் சிறுமி ஒருத்தி காணாமல் போனாள். மறுபடியும் இணையம் பெற்றோர் பக்கம் கை நீட்டியது. 18 நாள் கழித்து, பூட்டிய ஒரு வீட்டில் போலீசார் அவளை உயிரோடு மீட்டார்கள். எடுத்துச் சென்றவர் குடும்பத்துக்கு யாரென்றே தெரியாதவர்.

அதே ஆஸ்திரேலியாவில் ஞாபகத்தின் இந்த விதி நேர்மாறாகவும் வேலை செய்திருக்கிறது. 1980 ஆகஸ்டில் உலுரு பாறைக்கு அருகே இருந்த முகாமிலிருந்து ஒன்பது வாரக் குழந்தை அசாரியா மறைந்தாள். டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிச் சென்றது என்று தாய் லிண்டி சேம்பர்லின் கத்தினார். டிங்கோ குழந்தையைத் தூக்கியதாக ஜனங்களுக்கு ஒரு சம்பவம்கூட ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராதது நடக்காதது ஆகிவிட்டது. அவர் அழவில்லை என்று அங்கேயும் பேசினார்கள். காரில் இருந்த கறையைக் குழந்தையின் ரத்தம் என்றார்கள். பின்னால் பார்த்தால் அது காரின் சத்தத்தைக் குறைக்கப் பூசும் கலவை. 1982இல் ஆயுள் தண்டனை. குழந்தை மேலே ஒரு சின்னச் சட்டை போட்டிருந்தாள் என்று லிண்டி சொல்லிக்கொண்டே இருந்தார், நம்ப ஆளில்லை. 1986இல் அந்தச் சட்டை டிங்கோ குகைகளுக்கு அருகே பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. 1988இல் தீர்ப்பு ரத்தானது.

2001இல் ஃப்ரேசர் தீவில் டிங்கோக்கள் 9 வயதுச் சிறுவனைக் கொன்றன. இப்போது ஞாபகத்தில் ஓர் உதாரணம் இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் டிங்கோ தாக்குதல்களையும் கணக்கில் எடுத்த மரண விசாரணை அதிகாரி, 2012 ஜூனில் தீர்ப்பளித்தார். அசாரியாவின் இறப்புக்குக் காரணம் டிங்கோ என்று 32 ஆண்டுக்குப் பிறகு பதிவானது.