எட்டும் எட்டும் பதினாறு ஆகாத இடம்

சென்ற வாரம் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து ஒரு வியாபாரி, காலை வியாபாரம் முடிந்த கையோடு வந்து, என் மேசையில் இரண்டு போன்களை வைத்தார். ஒன்று மூன்றரை ஆண்டு பழையது. உறையின் ஓரத்தில் வாழைநார் இழை ஒன்று சிக்கியிருந்தது, பேட்டரி உப்பிப் பின்மூடி ஒரு பக்கம் தூக்கியிருந்தது. மற்றது வாங்கி நான்கு மாதம்கூட ஆகாதது. "தம்பி, பதினாறு ஜிபி ரேம்னு சொல்லித்தான் குடுத்தாங்க. பழசு ஆறு ஜிபிதான். ஆனா இது அதவிட மெதுவா ஓடுது. பீஸ் மோசமோ?" என்று கேட்டார்.

பீஸில் ஒரு குறையும் இல்லை. அந்தப் போன் எப்படி ஓட வேண்டுமோ அப்படித்தான் ஓடுகிறது. பதினேழாயிரத்துச் சொச்சம் கொடுத்து அவர் வாங்கியது, கையில் இருந்ததைவிடத் தாழ்ந்த ஒரு போன், அவ்வளவுதான். இந்த ஒரு மாதத்தில் இதே கேள்வியோடு என்னிடம் வந்தவர்களில் அவர் ஐந்தாவது ஆள் என்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றுவதைவிட எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது. டவுன்ஹால் ரோட்டுச் சந்து ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகப் போன் பழுது பார்க்கிறேன். போன் விற்பது என் தொழிலன்று. ஆகையால் எந்தக் கம்பெனிக்கும் பரிந்து பேச வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

முதலில் அந்தப் பதினாறு ஜிபி. பெட்டியில் "8 + 8" என்று அச்சிட்டிருக்கும். கடையில் அதைக் கூட்டிப் பதினாறு என்று சொல்வார்கள். முதல் எட்டுதான் ரேம். இரண்டாவது எட்டு, படமும் பாட்டும் சேர்த்து வைக்கிற உள் நினைவகத்திலிருந்து பிய்த்தெடுத்து, ரேம் நிரம்பும்போது வழிவதை வாங்கிக்கொள்ள ஒதுக்கிய இடம். ஆக, 128 ஜிபி என்று காசு கொடுத்து வாங்கியதில் எட்டை எடுத்து உங்களிடமே இலவசம் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள்.

வியாபாரிக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னேன். கடைமுன் விரித்திருக்கும் சாக்குதான் ரேம். கட்டப் போகிற பூவைக் கைக்கெட்டும் தூரத்தில் கொட்டி வைக்கும் இடம். பின்னால் இருக்கும் கிட்டங்கி உள் நினைவகம். சாக்கு நிறைந்துவிட்டால் மிச்சப் பூவைக் கிட்டங்கியில் கொண்டுபோய் வைக்கலாம். ஆனால் வேண்டும்போதெல்லாம் எழுந்து போய் எடுத்து வர வேண்டும். கிட்டங்கியில் ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு, "என் சாக்கு இரண்டு மடங்காகிவிட்டது" என்று எந்தப் பூ வியாபாரியாவது சொல்வாரா? அவர் சிரித்தார். கணக்கிலும் அதே கதைதான். இந்த விலைப் போன்களில் பரவலாக உள்ள எல்பிடிடிஆர்4எக்ஸ் வகை ரேம் நொடிக்கு ஏறத்தாழ 17 ஜிபி வரை தரவை நகர்த்த வல்லது. யூஎஃப்எஸ் 2.2 வகை நினைவகம், நல்ல நேரத்திலும், நொடிக்கு 1 ஜிபி அளவில் நின்றுவிடும். அதற்கும் கீழே உள்ள இஎம்எம்சி 5.1 என்றால் அதன் வழித்தடத்தின் உச்சமே நொடிக்கு 400 எம்பிதான். இவற்றைக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வது, காரின் வேகத்தையும் மாட்டுவண்டியின் வேகத்தையும் கூட்டிச் சொல்வது போன்றது.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால்தான் பலருக்கு முகம் மாறுகிறது. அந்தப் பதினாறும் உண்மையான ரேமாகவே இருந்தாலும் போன் வேகமாகிவிடாது. சாக்கு அகலமாக இருப்பதால் பூ வேகமாகக் கட்டப்படுவதில்லை. கட்டுகிற கைகள் வேண்டும். போனில் அந்தக் கைகள் சிப்பில் இருக்கின்றன; கோர்கள் என்று அவற்றுக்குப் பெயர். வியாபாரியின் பழைய போனில் இருந்தது 2021இல் வந்த ஸ்னாப்டிராகன் 778ஜி என்ற சிப். அதன் எட்டு கோர்களில் நான்கு, கார்டெக்ஸ் ஏ78 என்னும் வலுவான வகை. புதிய போனில் இருந்தது டைமென்சிட்டி 6080. அதில் வலுவான கோர்கள் இரண்டே இரண்டு, அவையும் 2018இல் அறிவிக்கப்பட்ட ஏ76 வகை. மிச்சம் ஆறும் சிறு வேலைக்கான கோர்கள். 6080 என்ற பெயர் புதிதாகத் தோன்றினாலும், அது 2021இல் வந்த டைமென்சிட்டி 810க்குச் சூட்டிய மறுபெயர்தான். 6020 என்று விற்றதும் அதேபோல் பழைய 700தான். எண் பெரிதானால் பொருளும் புதியது என்று நம்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி நம்ப வேண்டும் என்றுதான் பெயரே வைக்கிறார்கள்.

இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் கேலரியைத் திறந்து காட்டினேன். பழையதில் படங்கள் உடனே வந்து நின்றன. புதியதில் சாம்பல் நிறக் கட்டங்கள் தோன்றி, அவை ஒவ்வொன்றாகப் படமாக மாறின. வியாபாரி ஒன்றும் பேசவில்லை; ஈரம் காயாத விரலால் புதிய போனின் திரையை இரண்டு முறை தள்ளிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஆகையால், இருக்கும் போனைவிட மேலான ஒன்று வேண்டும் என்று போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது. சிபியு-இசட் என்ற இலவசச் செயலி உங்கள் போனில் உள்ள சிப்பின் பெயரைச் சொல்லிவிடும். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வாங்க நினைக்கும் போனின் சிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வலுவான கோர்கள் எத்தனை, அவை எந்த வகை என்று பாருங்கள். இருபதாயிரத்தை ஒட்டிச் செலவழிக்கிறவர்கள் ஏ78 அல்லது அதற்குப் பிந்திய கோர்கள் நான்கு உள்ள சிப்பைத் தேடலாம். ஸ்னாப்டிராகன் 6 ஜென் 1, 7எஸ் ஜென் 2, டைமென்சிட்டி 7300 ஆகியவற்றில் அவை உண்டு. உண்மையான ரேம் 8 ஜிபி போதும். நினைவகம் யூஎஃப்எஸ் வகைதானா என்பதைக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் பாருங்கள். அங்கே வகையைச் சொல்லாமல் வெறும் "128 ஜிபி" என்று மட்டும் போட்டிருந்தால், சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மெகாபிக்சலைப் பற்றி நீட்டி எழுத எனக்குப் பொறுமையில்லை. 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படம் தருகிறது. 108 என்பது ஒன்பதை ஒன்றாக்கி 12 தருகிறது. 2 மெகாபிக்சலில் வரும் மேக்ரோவும் (மிக அருகில் எடுக்க) டெப்த்தும் (பின்னணியை மங்கலாக்க) பின்புறத்தில் வட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு. கைநடுக்கத்தை ஈடுகட்டும் ஓஐஎஸ் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். சித்திரைத் திருவிழாவில் இரவு நேரத்தில் கூட்டத்துக்கு நடுவே நின்று படமெடுக்கிறவருக்கு அது பயன்படும்.

போன் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை, இப்போதெல்லாம், வன்பொருளைவிட மென்பொருள் புதுப்பிப்பே தீர்மானிக்கிறது. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன போனில் வங்கிச் செயலி வைத்திருப்பது பூட்டு இற்றுப்போன பெட்டியில் நகை வைப்பதற்குச் சமம். 2024இல் வந்த சாம்சங் ஏ16 5ஜி போன்ற எளிய விலைப் போனுக்கே ஆறு ஆண்டு புதுப்பிப்பு என்று அறிவித்திருக்கும்போது, அதைவிடக் கூடுதல் விலை வைத்துவிட்டு இரண்டாண்டோடு கை கழுவும் போன்களை ஏன் வாங்க வேண்டும்? இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த ஆண்டுக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. தீபாவளித் தள்ளுபடியில் நாலாயிரம் குறைத்துக் கிடைக்கும் போன் ஒன்றரை ஆண்டுக்கு முன் வந்ததாக இருந்தால், அந்த ஒன்றரை ஆண்டும் உங்கள் கணக்கில் முன்கூட்டியே கழிந்துவிட்டது. வந்த மாதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, என் மேசைக்கு அதிகம் வருவது: உடைந்த டிஸ்ப்ளே. போன் வாங்கும் முன்பே அதன் டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிடுங்கள் என்று நான் சொன்னால், கல்யாண வீட்டில் இழவுப் பேச்சுப் பேசுகிறவனைப் போலப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நடுவிலைப் போன்களில் அமோலெட் டிஸ்ப்ளேயின் (புள்ளிகள் தாமே ஒளிரும் வகை) விலை போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். ஓரம் வளைந்த டிஸ்ப்ளே என்றால் அதற்கும் மேல், அதற்குத் திரைமேல் ஒட்டும் காப்புக் கண்ணாடியும் ஒழுங்காக உட்காராது. விலைக்குப் பயந்து எல்சிடி நகல் டிஸ்ப்ளே போடச் சொல்கிறவர்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: திரைக்கு அடியில் இருக்கும் விரல்ரேகை அதன் பிறகு வேலை செய்யாது. அமோலெட்டின் ஒளி ஊடுருவும் அமைப்பை நம்பித்தான் அந்த உணரியே வைக்கப்பட்டிருக்கிறது. சொல்லாமல் போட்டுவிட்டு அடுத்த நாள் சண்டை வாங்குகிற கடைகளும் உண்டு. அது எங்கள் தொழிலின் தலைவலி. கம்பெனியின் சர்வீஸ் சென்டர் மதுரையிலேயே இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு வருவது வேறு, போனைச் சென்னைக்கு அனுப்பிவிட்டுப் பத்து நாள் காத்திருப்பது வேறு.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண் உண்டல்லவா, அதில் ஐபி68 என்று பெட்டியில் இருப்பது, ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில், புதுப் போனை வைத்துச் செய்த சோதனை. பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் கையோடு நாள் முழுவதும் எடுத்து எடுத்து வைக்கும் போனுக்கு அது சாட்சி சொல்லாது. ஐபி54, ஐபி64 என்றால் தெறிப்புக்கு மட்டும். உள்ளே ஈரம் பட்டதைக் காட்டும் சிறு ஒட்டு சிவந்துவிட்டால், பெட்டியில் எந்த எண் இருந்தாலும், வாரண்டியில் பொதுவாகப் பார்க்க மாட்டார்கள். ஒரு முறை பிரித்துப் பூட்டிய போனில் அந்த அடைப்பு பழையபடி இருக்கும் என்றும் எண்ணாதீர்கள்.

பணம் கட்டும் முறைக்கு இரண்டு வரி. வட்டியில்லாத் தவணை என்பதில் வட்டி இருக்கிறது. அதைத் தள்ளுபடி என்ற பெயரில் முன்னாலேயே கழித்துக் காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டு தவணையில் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் தனியாக உங்கள் தலையில் வந்து விழும். ரொக்கத்துக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

பழைய போன் வாங்குகிறவர்கள் *#06# அழுத்தி வரும் பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பாருங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதை வாங்கிவிட்டு என்னிடம் வந்தால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை; செய்து கொடுக்கிறேன் என்று சொல்கிறவரிடம் போகவும் வேண்டாம், அது குற்றம். புதியது வாங்கும்போதும் பில்லில் அந்த எண் இருக்கிறதா என்று நின்று பார்த்து வாங்குங்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆனால் பில் இல்லாமல் அங்கேயும் பேச்சில்லை.

இவ்வளவும் வாங்கியே தீர வேண்டியவர்களுக்கு. வியாபாரிக்கு அந்தத் தேவையே இருக்கவில்லை. பழைய போன் காலை பத்து மணிக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது, அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது என்பதுதான் அவர் குறை. சார்ஜ் இறங்கியதற்கு உப்பிய பேட்டரி காரணம். (உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், ஒரு முறைகூடச் சார்ஜ் போடாதீர்கள், அணைத்துவிட்டு நேரே எடுத்து வாருங்கள்.) நின்று ஓடியதற்கு, 128 ஜிபியில் இரண்டு ஜிபிகூட மிச்சமில்லாமல் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்திருந்த காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் காரணம். எக்ஸ்சேஞ்சில் இரண்டாயிரத்து ஐந்நூறுதான் தருவோம் என்றதால் அந்தப் போனைக் கொடுக்காமல் வீட்டில் போட்டு வைத்தது அவர் அதிர்ஷ்டம்.

பேட்டரியை மாற்றி, படங்களைத் துடைத்து, நாற்பது ஜிபி காலி செய்து கொடுத்தேன். பேட்டரியும் கூலியும் சேர்த்து ஆயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று. மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு, மல்லிகை விலை சொல்லும் மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவிலிருந்து, அந்தப் பழைய போனிலிருந்தே எனக்கு அழைத்தார். புதியதை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று விசாரித்துச் சொல்ல வேண்டுமாம். விசாரித்தேன், அவர் கட்டிய பதினேழாயிரத்துக்கு ஒன்பதாயிரம் சொல்கிறார்கள்.