போனஸ் என்பது ஊக்கத்தொகை அல்ல, மிகை ஊதியம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸ் பலகையில் இப்படி ஓர் அறிவிப்பு: "தொழிலாளர்களுக்குத் தீபாவளி அன்பளிப்பாக 8.33 விழுக்காடு ஊக்கத்தொகை வழங்க நிர்வாகம் முன்வந்துள்ளது." ஒவ்வொரு பண்டிகைக்கும் எங்காவது இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. அன்பளிப்பும் தவறு, ஊக்கத்தொகையும் தவறு.

போனஸ் லத்தீன் சொல், 'நல்லது' என்று பொருள். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. நம் ஊரில் அதன் பொருளைத் தீர்மானித்தது 1965-ம் ஆண்டு போனஸ் சட்டம். ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளக் கணக்கு. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பும் இந்த இரண்டு எண்களை மாற்றவில்லை. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மார்ச்சில் கணக்கு முடித்தால் நவம்பர் கடைசிதான் கெடு. தீபாவளி அதற்குள் வந்துவிடும். ஆக, கொடுப்பது பண்டிகையை ஒட்டி. கொடுக்க வைப்பது சட்டம். இதில் முன்வர என்ன இருக்கிறது?

ஊக்கத்தொகை என்ற சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. நெல் கொள்முதலில் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று மாநில அரசு கூடுதலாகத் தருவது ஊக்கத்தொகை. பதக்கம் வென்று வரும் வீரருக்குத் தருவது ஊக்கத்தொகை. மழைநாளில் கூடுதல் ஆர்டர் எடுத்தால் டெலிவரி ஊழியருக்குக் கிடைக்கும் இன்சென்டிவும் அதுதான். இன்னும் செய் என்று தூண்டுவதற்கான பணம் அது. பெரும்பாலும் கொடுப்பவர் நினைத்தால் குறைக்கலாம், நிறுத்தலாம். போனஸோ, செய்து முடித்த வேலைக்கு வந்துசேர வேண்டிய பணம். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், தன் பாக்கியைக் கேட்க வேண்டிய தொழிலாளி சலுகை கேட்பதுபோலத் தயங்கி நிற்பார். என் கோபமெல்லாம் அதனால்தான்.

நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது: மிகை ஊதியம். தமிழக அரசின் அறிவிப்புகளில் பல ஆண்டுகளாகப் பார்க்கலாம். பொதுத்துறை ஊழியர்களுக்கு "8.33 விழுக்காடு மிகை ஊதியம், 11.67 விழுக்காடு கருணைத் தொகை, ஆக மொத்தம் 20" என்று பிரித்தே எழுதுவார்கள். உரிமையாக வருவது எது, அரசு விரும்பிச் சேர்ப்பது எது என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். 'மிகை' என்றால் தேவைக்கு மேல், வீண் என்று ஒலிக்கிறது என்பார்கள் சிலர். "மிகைநாடி மிக்க கொளல்" என்ற குறளில் மிகை என்பது மிகுந்திருப்பது, அவ்வளவுதான். இன்னொன்று: "ஊதியம் இல்லை உயிர்க்கு" என்று வள்ளுவர் வேறொரு குறளில் சொல்லும்போது ஊதியத்துக்குப் பொருள் சம்பளம் அல்ல, இலாபம். இலாபத்தில் பங்கு என்பது போனஸின் அடிப்படைகளில் ஒன்று. இதைவிடப் பொருத்தமாக யார் சொல் செய்து தரப் போகிறார்கள்?

அப்புறம், 'எம்ப்ளாயீ ரெகக்னிஷன்' என்பதை மொழிபெயர்த்த இந்த 'பணியாளர் அங்கீகாரம்'. சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் ஐ.டி. அலுவலகங்களில் இப்போது விழாவே இந்தப் பெயரில்தான். பள்ளிக்கு அரசு அங்கீகாரம் உண்டு, கட்சிக்குத் தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் உண்டு. நன்றாக வேலை செய்த மனிதருக்குத் தருவது பாராட்டு. அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், தமிழர் அதை எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. 'வெகுமதி'கூட வடசொல்தான்; 'பெருமதிப்பு' என்பதே அதன் மூலப்பொருள். இன்று அதில் மதிப்பு போய்ப் பணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மன்னன் அதியமான் தன்னை நேரில் பார்க்காமலே கொடுத்தனுப்பிய பரிசிலைச் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் வாங்கவில்லை. "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்கிறார் புறநானூற்றின் 208-ம் பாடலில். தகுதியின் அளவறிந்து தந்தால் தினையளவும் இனிது என்பதும் அதே பாட்டில் வருகிறது. ஸ்வீட் பாக்ஸும் பரிசு அட்டையும் தீபாவளிக்குப் போதும். பாராட்டுக்கு, யார் என்ன செய்தார் என்று பெயர் சொல்லி, ஜூலை மாதமானாலும் எழுந்து நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.