மெதுவாகக் கால் எடுத்து வைத்தால் ஏன் தள்ளாடுகிறோம்?

சிங்கப்பூரின் தோ பாயோவிலோ ஈசூனிலோ காலை நேரத்தில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தைக் கடந்தால், சீனப் பாட்டிமார் காற்றைத் தடவுவதுபோல் கைகளை நகர்த்தித் தாய் சி என்னும் மெதுவான சீன உடற்பயிற்சியைப் பழகுவதைப் பார்க்கலாம். வியர்க்கக்கூட இல்லையே, இது என்ன உடற்பயிற்சி என்று கேட்பவர் அவர்களோடு நின்று நான்கு அடி எடுத்து வைக்கட்டும். தொடை நடுங்கும்.

நடப்பது என்பது, இயற்பியல் கணக்கில், விழுந்து விழுந்து தப்பிப்பது. ஒரு காலைத் தூக்கியதும் உடலின் ஈர்ப்பு மையம் ஊன்றிய பாதத்துக்கு வெளியே போய்விடுகிறது. சாய்வதற்குள் அடுத்த கால் வந்து தாங்குகிறது. வேகம் இருக்கும்வரை சைக்கிள் விழாததைப் போலத்தான் இதுவும். தாய் சி இந்தச் சலுகையைப் பறித்துக்கொள்கிறது. எடை முழுவதும் ஒரு காலுக்கு மாறிய பிறகே மறுகால் எழ வேண்டும். அத்தனை நேரமும் இடுப்பின் பக்கத் தசைகள் உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

சாய்கிறோமா என்பதை மூளை மூன்று வழிகளில் அறிகிறது: கண், உட்செவி, தசையும் மூட்டும் பாதமும் அனுப்பும் சேதி. வயது ஏற ஏறப் பின்னிரண்டும் மங்க, மூளை கண்ணையே நம்பத் தொடங்குகிறது. பகலெல்லாம் தேக்கா சந்தையைச் சுற்றிவரும் தாத்தா, இரவில் விளக்குப் போடாமல் கழிவறைக்குப் போகையில் தடுமாறுவது இதனால்தான். நீரிழிவு இருந்தால் பாத நரம்புகள் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகலாம். நம் வீடுகளில் அந்த நோய்க்குப் பஞ்சமா என்ன? தாய் சி, மங்கிவரும் அந்தச் சேதிகளைக் கூர்ந்து கவனிக்க மூளையைப் பழக்குகிறது. 2012ல் அமெரிக்காவில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் நடந்த ஆய்வில், வாரம் இருமுறையாக 24 வாரங்கள் தாய் சி பழகியவர்கள், தசை நீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

சரி, காணொளி பார்த்துப் பழகினால் போதாதா? சிக்கல் இங்கேதான். உடல் அனுப்பும் சேதியை மூளை பழக்கத்தை வைத்தே படிக்கிறது. பல ஆண்டுகள் கூன் போட்டு உட்கார்ந்தவருக்கு அந்தக் கூனே நேராகத் தோன்றும். நிமிர்த்திவிட்டால் பின்னால் சாய்வதாகப் பதறுவார். திரும்பும் அசைவைப் பாருங்கள். பாதம் தரையில் பதிந்திருக்க, திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்பு இறுகியவருக்கு அது முழங்காலில் இறங்குகிறது. முழங்கால் பெரும்பாலும் மடங்கி நீளத்தான் அமைந்தது. எடையைச் சுமந்தபடி முறுக்கினால் உள்பக்கம் நோகும். அவர் சரியாகச் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். ஆசிரியர் குனிந்து, முழங்கால் கால்விரல்களின் திசையை விட்டு உள்ளே சரிவதைக் கண்டு, இரண்டு விரலால் வெளியே நகர்த்துகிறார். அந்தத் தொடுகை தரும் திருத்தத்தை மூளை தானாகக் கண்டுபிடித்திருக்காது.

தியானத்திலும் இதே கதை. 1979ல் ஜான் கபட்-ஸின் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் தொடங்கிய பயிற்சியின் வழியாகவே முழுக்கவனத் தியானம் மருத்துவத்துக்குள் பரவலாக நுழைந்தது. கவனத்தை மூச்சில் வைக்கிறோம். அது வீட்டுக் கடனுக்கோ பிள்ளையின் பிஎஸ்எல்இ என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்கோ ஓடுகிறது. ஓடியதைக் கண்டுகொண்டு திரும்பக் கூட்டிவருகிறோம். பயிற்சி நடப்பது அந்தக் கண்டுகொள்ளும் கணத்தில்தான். புதியவரோ ஒவ்வொரு ஓட்டத்தையும் தோல்வியாக எண்ணி, ‘எனக்கு இது வராது’ என்று எழுந்துவிடுகிறார். தெரிந்த ஆசிரியர் அமர்வு முடிந்ததும் என்ன நடந்தது என்று கேட்பார். பழைய அதிர்ச்சிகளைச் சுமப்பவருக்குக் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது பதற்றத்தைக் கூட்டலாம். அவரைக் கண் திறந்து, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்வார்.

ஆகவே சமூக மன்றத்தில் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். மூட்டுவலி, ரத்த அழுத்தம், தலைச்சுற்றல், மனநலச் சிகிச்சை பற்றி ஆசிரியர் முதல் நாளே விசாரிக்கிறாரா? அசைவுகளைச் செய்து காட்டுவதோடு நிறுத்தாமல், வரிசைக்குள் நடந்து வந்து மாணவர்களின் கால்களைப் பார்க்கிறாரா? சுவரில் சான்றிதழ் மாட்டியவர் எல்லாரும் இதைச் செய்வதில்லை.